ஒரு நாள் சிறைக்கு 2.8 கோடியா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸில் நடந்த மோசடி 7,136 கோடி ரூபாய். அதன் தலைவர் ராமலிங்க ராஜுவுக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு நாள் சிறைக்கு ஏறத்தாழ 2.8 கோடி வருகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஐம்பதாயிரம் ரூபாய் பைக்கைத் திருடிய பையன் ஆறு மாதமாக உள்ளே இருக்கிறான். அமெரிக்காவில் முதலீட்டாளர்களின் பணத்தைச் சுருட்டிய பெர்னி மேடாஃபுக்கு 150 ஆண்டு கொடுத்தார்கள். இதில் எது நியாயம், கம்பெனி மோசடிக்கு எத்தனை வருஷம் கொடுத்தால் சரி என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் அப்பாவும் ஒரு பைனான்ஸில் மூன்று லட்சம் போட்டு இழந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் வெறும் எண்ணைக் கேட்டு நீங்கள் வரவில்லை என்று நினைக்கிறேன். சட்டை மடிப்புக் கலையாதவனுக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு ஒரு சட்டமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

கோவையில் 23 ஆண்டுகளாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். அதில் பாதிக்கு மேல் டான்பிட் கோர்ட் வழக்குகள். டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றத்தை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகவும் நின்றிருக்கிறேன், ஏமாற்றியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காகவும் வக்காலத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவதில்தான் பீஸ் ஒழுங்காக வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆகவே நான் சொல்வதில் ஒரு சாய்வு இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள். அமெரிக்க வழக்குகள் எனக்குப் படித்துத் தெரிந்தவை மட்டுமே. அங்கே நின்று வாதாடியதில்லை.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. ஏட்டளவில் நம் சட்டம் மோசடிக்காரனிடம் இளக்கம் காட்டவில்லை. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டு. எல்லோருக்கும் தெரிந்த பழைய 420 அதுதான், 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). நம்பி ஒப்படைத்த பணத்தை வங்கியாளரோ ஏஜென்டோ கையாடினால் பத்து ஆண்டு அல்லது ஆயுள்கூடக் கொடுக்கலாம். சத்யம் விவகாரத்துக்குப் பிறகு வந்த 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 447-ஆம் பிரிவு இன்னும் கடுமை: பொதுநலன் சம்பந்தப்பட்ட மோசடி என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் பத்து. அபராதம் மோசடித் தொகைக்குக் குறையக் கூடாது, அதன் மூன்று மடங்கு வரை போகலாம். நம் 1997-ஆம் ஆண்டு டான்பிட் சட்டத்திலும் பத்து ஆண்டு வரை உண்டு.

அப்படியானால் உங்கள் தெருப் பையன் ஏன் உள்ளே இருக்கிறான்? அவனுக்கு ஜாமீன் உத்தரவே வந்திருக்கலாம். ஜாமீன்தாரர் இரண்டு பேர் ஆதாரங்களோடு கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் அம்மா யாரைக் கூட்டி வருவார்? இன்னும் இரண்டு வழக்கு அவன் பேரில் சேர்ந்தால் குண்டர் சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம். நான் பார்த்த வரையில் அந்தச் சட்டம் ஒரு மேனேஜிங் டைரக்டர் மேல் பாய்வது அபூர்வம். பாரபட்சம் தண்டனை அளவில் இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சரி, உங்கள் 2.8 கோடி கணக்குக்கு வருவோம். அந்தக் கணக்கு மனசுக்கு நியாயமாகப் படும், ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது என்ன? வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தப் பணத்துக்கு வந்ததாகக் காட்டிய வட்டி 376 கோடியும் இல்லை. 1,230 கோடி கடன் கணக்கில் காட்டப்படவில்லை. வரவேண்டிய பாக்கி 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டது. இந்த நான்கையும் கூட்டினால்தான் 7,136. அதில் பெரும்பகுதி ஒருபோதும் இருந்திராத பணம். இல்லாத பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. 7,136 கோடியைத் திருடினார் என்பது பேச்சுக்கு வேண்டுமானால் சரி, ஆனால் அது திருட்டுத் தொகையே அல்ல, பொய்யின் அளவு.

பொய்யால் அவர் தரப்புக்குக் கிடைத்த ஆதாயம் வேறு எண். பொய்யை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் இழந்தது இன்னொரு எண். கடிதம் வெளியான அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஆதாயத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2014-இல் போட்ட உத்தரவில் தொகை 1,849 கோடி, வட்டி தனி. மேல்முறையீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு 2018-இல் அதே செபி போட்ட மறுகணக்கில் அது 813 கோடி. ஒரே வழக்கு, ஒரே அமைப்பு, நான்கு வருஷத்தில் தொகை பாதிக்கும் கீழே. இப்போது சொல்லுங்கள், இதில் எந்த எண்ணை ஏழால் வகுப்பீர்கள்?

நீங்கள் போட்ட கணக்கையே ஒரு நாடு சட்டமாக எழுதி வைத்திருக்கிறது என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனைக்கு ஒரு அட்டவணை உண்டு. மோசடிக்கு அடிப்படைப் புள்ளி ஆறு அல்லது ஏழு. நஷ்டம் ஏற ஏறப் புள்ளி ஏறும். 55 கோடி டாலரைத் தாண்டினால் நஷ்டத்துக்கு மட்டும் முப்பது புள்ளி. ஏமாந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் என்றால் இன்னும் கொஞ்சம், தலைமை தாங்கியவர் என்றால் இன்னும் கொஞ்சம். 43-ஐத் தொட்டால் ஆயுள். பரோல் அங்கே கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் கழியும், மற்றதை அனுபவித்தே ஆக வேண்டும்.

இந்த அட்டவணை என்ன செய்தது என்பதற்கு ஒரு வழக்கு போதும். ஹூஸ்டனில் டைனஜி என்ற எரிசக்தி நிறுவனம். 30 கோடி டாலர் கடனை, வியாபாரத்தில் வந்த வரவு போலக் காட்ட ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதில் இருந்த ஜேமி ஓலிஸ் நடுத்தர நிலை அதிகாரி, நிறுவனத்தின் முதலாளி அல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணையைச் சந்தித்தார். 2004-இல் அவருக்கு 24 ஆண்டுக்கு மேல் தண்டனை. காரணம், அந்தப் பங்கை வைத்திருந்த ஒரு ஓய்வூதிய நிதி இழந்த 10.5 கோடி டாலரை அப்படியே அவர் கணக்கில் எழுதியதுதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு எளிய கேள்வி கேட்டது: அந்த நேரத்தில் எரிசக்திப் பங்குகள் எல்லாமே விழுந்துகொண்டிருந்தனவே, எவ்வளவு இந்த மோசடியால் விழுந்தது, எவ்வளவு தானாக விழுந்தது? பிரித்துப் பார்த்துத் திரும்பத் தண்டனை வழங்கியபோது 24 ஆண்டு ஆறு ஆண்டானது. ஆள் அதே ஆள், செய்ததும் அதே செயல். மாறியது ஒரு பொருளாதார மதிப்பீடு மட்டும். ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்கு ஒத்துழைத்த அவருடைய மேலதிகாரிக்குக் கிடைத்தது 15 மாதம்.

இதைப் பார்த்து அங்கேயே நீதிபதிகள் கோபப்பட்டார்கள். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அட்டவணை கட்டாயமல்ல, ஆலோசனைதான் என்று தளர்த்திவிட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஜெட் ராகாஃப் என்ற நீதிபதி முன் ஒரு மருத்துவப் பரிசோதனை நிறுவனத்தின் தலைவர் வழக்கு வந்தது. மோசடியைத் தொடங்கியவர் அவர் அல்ல, கடைசிக் கட்டத்தில் தெரிந்துகொண்டு கூட்டுச் சேர்ந்தவர். அட்டவணைப்படி ஆயுள். நீதிபதி கொடுத்தது மூன்றரை ஆண்டு. கணக்கை வழிபடுவது நீதியைக் கேலிக்கூத்தாக்குகிறது என்ற பொருளில் காட்டமாக எழுதினார். மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூன்றரை ஆண்டு குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் அரைமனசுதான். ஆனால் ஆயுள் அபத்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம் பக்கம் இதற்கு நேர் எதிர். இங்கே அட்டவணையே கிடையாது. தண்டனை அளவுக்கு வழிகாட்டி நெறி வேண்டும் என்று குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த மாலிமத் கமிட்டி 2003-லேயே சொன்னது, யாரும் எழுதவில்லை. சத்யத்தில் ஏன் ஏழு ஆண்டு தெரியுமா? நஷ்டத்தையும் குற்றத்தையும் தராசில் வைத்து நிறுத்ததால் வந்த ஏழு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2015 ஏப்ரல் 9-ஆம் தேதி ஹைதராபாத்தில் தீர்ப்புச் சொன்ன சிறப்பு நீதிமன்றம் கூடுதல் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட் நிலையில் இருந்தது. அந்த நிலை நீதிமன்றத்துக்கு ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை கொடுக்க அதிகாரம் கிடையாது. குற்றப்பத்திரிகையில் ஆயுள் வரை போகக்கூடிய பிரிவு இருந்தும், கூரையின் உயரம் அவ்வளவுதான். எனவே ஏழு என்பது அந்தக் குற்றத்தின் விலை அல்ல, அந்தக் கோர்ட்டின் உச்சவரம்பு. எந்தக் கோர்ட்டில் விசாரணை என்ற நிர்வாக முடிவே தண்டனையைப் பாதி தீர்மானித்துவிட்டது.

இதைவிட முக்கியமானது அந்த ஏழு ஆண்டுக்கு என்ன ஆயிற்று என்பது. 2009 ஜனவரியில் கைதான ராஜு, இடையில் ஜாமீனில் வந்து, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததால் திரும்பப் போய், 2011 நவம்பரில் மறுபடி ஜாமீன் பெறும் வரை மொத்தம் இரண்டரை ஆண்டுக்கு மேல் காவலில் இருந்தார். அப்போது அவர் விசாரணைக் கைதி, சட்டத்தின் கண்ணில் நிரபராதி. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு எவ்வளவு நாள் இருந்தார்? ஏப்ரல் 9-இல் உள்ளே போனார், மே 11-இல் மேல் கோர்ட் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. ஒரு மாதம், கொஞ்சம் கூட. குற்றம் நிரூபணம் ஆவதற்கு முன் முப்பது மாதம், ஆன பின் ஒரு மாதம். உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்றால் அது இதுதான்: நம் ஊரில் தண்டனை தீர்ப்புக்கு முன்னால் அனுபவிக்கப்படுகிறது, தீர்ப்புக்குப் பின்னால் அறிவிக்கப்படுகிறது. எத்தனை வருஷம் என்று நாம் சண்டை போடுவது அறிவிப்பைப் பற்றி.

இதில் அந்த மேல் கோர்ட்டைக் குறை சொல்லவும் முடியாது. குறிப்பிட்ட காலத் தண்டனை என்றால், மேல்முறையீடு முடியும் வரை அதை நிறுத்திவைப்பதைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. காரணமும் நியாயமானது. ஏழு ஆண்டு தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு எட்டாவது ஆண்டில் விசாரணைக்கு வந்து அவர் விடுதலையானால், கழித்த ஏழு ஆண்டை யார் திருப்பிக் கொடுப்பது? ஒவ்வொரு உத்தரவும் தனித்தனியே பார்த்தால் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் கோணல்.

இந்தக் கோணலில் முதலில் நசுங்குவது பெரிய ஆள் அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு நிதி நிறுவன வழக்கில் எனக்குக் கட்சிக்காரர் அதன் காசாளர், மாதம் ஒன்பதாயிரம் சம்பளம் வாங்கிய பெண். ரசீதில் கையெழுத்து அவருடையது, அதனால் நான்காவது எதிரி, அதாவது நான்காவதாகக் குற்றம்சாட்டப்பட்டவர். முதல் எதிரியான மேனேஜிங் டைரக்டர் சரணடைந்த மறுநாளே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தார், அங்கிருந்தே ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காசாளர் 74 நாள் மகளிர் சிறையில் இருந்தார். அவருடைய அம்மாவின் பணமே இரண்டு லட்சம் அதே நிறுவனத்தில் மாட்டியிருந்தது. வழக்கு முடிந்தபோது அவர் விடுதலை. அந்த 74 நாள் எந்தத் தண்டனைக் கணக்கிலும் வராது. அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்த ஒன்று, யார் மண்டை யார் கை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பணச் சந்தை வழக்கில் 2024-இல் அதன் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃப்ரைடுக்கு 25 ஆண்டு, ஒப்புக்கொண்டு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன கரோலைன் எல்லிசனுக்கு இரண்டு ஆண்டு. குற்றத்தில் பங்குள்ளவரையே மன்னித்து அரசுச் சாட்சியாக்கும் அப்ரூவர் முறை நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பண மோசடி வழக்குகளில் அதைப் பயன்படுத்த விசாரணை அதிகாரிகள் மெனக்கெடுவதில்லை. எல்லோரையும் ஒரே எஃப்.ஐ.ஆரில் வரிசையாக எழுதிவிடுவது சுலபம்.

நீண்ட தண்டனை நம் ஊரில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. திருப்பூர் பாசி நிறுவன மோசடி உங்களுக்கு நினைவிருக்கும். அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 930 கோடி வரை சுருட்டிய வழக்கு. 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் கோர்ட் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடியே 74 லட்சம் அபராதமும் விதித்தது. தீர்ப்பு நாளில் கோர்ட் வளாகத்தில் எல்லோரும் 27-ஐப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு எண். வழக்குப் பதிவானது 2009, தீர்ப்பு வந்தது 2022. பதின்மூன்று வருஷம்.

அந்தப் பதின்மூன்று வருஷம் என்றால் என்ன என்பது டெபாசிட்தாரர்களைப் பார்த்தால்தான் தெரியும். இது வேறொரு வழக்கு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், பணிக்கொடையில் நான்கு லட்சம் போட்டவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். வர வேண்டியதில்லை அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் கேட்க மாட்டார். மஞ்சள் பையில் ரசீது, ஒரு தண்ணீர்ப் பாட்டில், தயிர் சாதம். ஒருநாள் நான், இவனுக்குப் பத்து வருஷம் வாங்கித் தராமல் விடமாட்டேன் என்று கொஞ்சம் வீரமாகச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "அதை வெச்சு நான் என்ன தம்பி பண்றது?" என்றார். முடக்கிய சொத்து ஏலத்துக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் வாரிசுச் சான்றிதழ் வாங்க இன்னும் ஒரு வருஷம் அலைந்தார்.

மேடாஃப் விஷயத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 71 வயதுக்காரர். இன்னும் 13 ஆண்டு வாழ்வார் என்று ஆயுள் கணக்குப் போட்டு அவருடைய வழக்கறிஞர் 12 ஆண்டு கேட்டார். நன்னடத்தைத் துறை 50 என்றது. நீதிபதி டென்னி சின் 150 கொடுத்தார். அது அடையாளத்துக்காகத்தான் என்பதை அவரே மறைக்கவில்லை, அடையாளமும் முக்கியம் என்றார். 2021-இல் சிறையிலேயே மேடாஃப் இறந்தார். அந்த 150 ஆண்டு யாருடைய பணத்தையும் திருப்பித் தரவில்லை. பணத்தைத் தந்தது வேறொரு வேலை: திவால் வழக்கில் நியமிக்கப்பட்ட அறங்காவலர், போலி லாபத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் மேலெல்லாம் வழக்குப் போட்டு ஆயிரக்கணக்கான கோடி டாலரில் ஒரு பகுதியையாவது பிடுங்கினார். பெருமுதலீட்டாளர் ஒருவர் இறந்து விட்டுச்சென்ற சொத்திலிருந்து மட்டும் 720 கோடி டாலர் திரும்பி வந்தது. மேடாஃபுக்கு வங்கியாக இருந்த ஜேபி மார்கன் 170 கோடி டாலர் கட்டியது. அரசு தனியாக நடத்திய நிதியிலிருந்து 40,000 பேருக்கு மேல் 430 கோடி டாலர் அளவுக்குப் பிரித்துக் கொடுத்து 2024 டிசம்பரில் கணக்கை முடித்தார்கள். நிரூபிக்கப்பட்ட இழப்பில் ஏறக்குறைய 94 சதவீதம் திரும்பக் கிடைத்தது. ஈரோட்டு ஆசிரியைக்கு 150 வேண்டாம், இந்த 94 போதும்.

சிறையைப் பணம் வாங்கும் சாவியாகப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். முயன்றிருக்கிறார்கள். வியட்நாமில் வங்கிப் பணத்தைக் கையாடிய ரியல் எஸ்டேட் தொழிலதிபர் ட்ருவாங் மை லானுக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனையே விதித்தார்கள். மேல்முறையீட்டில், கையாடியதில் முக்கால் பங்கைத் திருப்பிக் கட்டினால் உயிர் பிழைக்கலாம் என்ற வழியைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்த நாடு கையாடலுக்கான மரண தண்டனையையே நீக்கிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும், முதலீட்டாளர் பணத்தைத் திருப்பித் தராத சஹாரா விவகாரத்தில் அந்தக் குழுமத்தின் தலைவர் சுப்ரதா ராயை 2014 மார்ச் முதல் 2016 மே வரை திகார் சிறையில் வைத்தது. அது தண்டனை அல்ல, பணத்தைக் கட்ட வைப்பதற்கான அழுத்தம். எனக்கு இதில் இரண்டு மனசு. சாவி வேலை செய்யும், சந்தேகமில்லை. உள்ளே இருக்கும்போது திடீரென்று சொத்துகள் ஞாபகத்துக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டினால் வெளியே என்பதை முழு விதியாக்கினால், ஒளித்து வைத்தவனுக்குத்தான் அது வசதி. உண்மையிலேயே செலவழித்துத் தொலைத்தவன் உள்ளே, பினாமி பேரில் பத்திரம் வைத்திருப்பவன் வெளியே.

இனி, பயம். கடும் தண்டனை கொடுத்தால் அடுத்தவன் பயப்படுவான் என்பது எல்லோரும் சொல்வது. குற்றவியல் ஆய்வுகளில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் பயமுறுத்துகிறது, தண்டனையின் நீளம் அவ்வளவாக அல்ல என்பது. இதை நான் உறுதியாகச் சொல்லலாம். கோட் போட்டவர்கள் கூட்டிக் கழித்துத்தான் குற்றம் செய்கிறார்கள், அதனால் நீளத்துக்கும் பயப்படுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ராஜு தன் கடிதத்தில், புலி மேல் சவாரி செய்வது போல ஆகிவிட்டது, அது தன்னைத் தின்றுவிடாமல் இறங்குவது எப்படி என்று தெரியவில்லை என்று எழுதினார். நம் ஊரில் புலிவாலைப் பிடித்த கதை என்போம். நான் பார்த்த கட்சிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். ஒரு காலாண்டில் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது, அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம் என்பது. முதல் பொய்யை எழுதும்போது ஒருவரும் தண்டனைச் சட்டத்தைப் புரட்டுவதில்லை. ஆனால் நான் பார்ப்பது மாட்டிக்கொண்டவர்களை மட்டும். தண்டனைக்குப் பயந்து நேர்மையாக இருந்துவிட்டவர் என் ஆபீஸ் படி ஏறப்போவதில்லை, அதனால் என் அனுபவம் இங்கே பாதிச் சாட்சிதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு எண் சொல்லாமல் போனால் வக்கீல் நழுவிவிட்டான் என்பீர்கள். இது என் சொந்தக் கருத்து, சட்டம் அல்ல. பொதுமக்கள் பணத்தைப் பெரிய அளவில், தெரிந்தே, பல ஆண்டு ஏமாற்றிய தலைமை ஆளுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு, அதில் பெரும்பகுதியை உள்ளே கழித்தே தீர வேண்டும் என்ற நிலையில். ஓய்வூதியப் பணம், பணிக்கொடை என்று தெரிந்தே குறிவைத்து வாங்கியவனுக்கு அதற்கு மேலேயும் போகலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன். தெரிந்து உதவிய நடுத்தர அதிகாரிக்கும் ஆடிட்டருக்கும் ஒன்று முதல் மூன்று ஆண்டு, அதோடு அந்தத் தொழிலுக்கே நிரந்தரத் தடை. ஆடிட்டரை ஏன் சேர்க்கிறேன் என்றால், அவர் கண்ணை மூடாமல் இத்தகைய மோசடி நான்கு வருஷம் ஓடாது. கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவையும் காசாளரையும் சாட்சியாக்குங்கள், எதிரியாக்காதீர்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன் பணத்தைத் திருப்பிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். தீர்ப்புக்கு முந்தின வாரம் செக்கோடு ஓடி வந்தால் ஒன்றும் குறைக்கக் கூடாது.

இந்த எண்களெல்லாம் விசாரணை மூன்று வருஷத்துக்குள் முடிந்தால்தான் அர்த்தம். மேல்முறையீட்டை ஒரு வருஷத்தில் கேட்டு முடிக்கும் தனி அமர்வு ஒன்று இருந்தால், தண்டனையை நிறுத்திவைக்க வேண்டிய நியாயமே போய்விடும். அப்போது ஆறு ஆண்டு கொடுத்தாலும் அது நிஜமான ஆறு ஆண்டு. இப்போது 27 கொடுத்தாலும் அது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தெருப் பையனுக்கும் இதில் பங்கு உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவுப்படி, முதல்முறை குற்றம்சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் அவரை ஜாமீனில் விட வேண்டும். திருட்டுக்கு மூன்று ஆண்டு என்றால் ஒரு வருஷம். அவன் பேரில் வேறு வழக்கு இல்லையென்றால் அவன் அம்மாவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வருஷம் வரை காத்திருக்கவும் வேண்டாம், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். செலவு கிடையாது.

உங்கள் அப்பாவின் மூன்று லட்சத்துக்கு வருகிறேன். அந்த நிறுவனத்தின் மேல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் வழக்கு இருக்கிறதா, இருந்தால் அவர் பெயர் புகார்தாரர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் செய்தித்தாளில் கைது செய்தியைப் படித்துவிட்டு, வழக்குதான் நடக்கிறதே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். சொத்தை முடக்கி, கோர்ட் அதை உறுதி செய்து, ஏலம் விட்டுப் பணத்தைப் பிரிக்கும்போது பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் பொறுப்பு, அவர் அலுவலகத்தில் கேட்டால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். புகாரோடு ரசீதின் நகலைக் கொடுங்கள், அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்று இப்போது யாராவது போன் செய்வார்கள். அந்த எண்ணைக் குறித்துவைத்துப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுத்துவிடுங்கள்.